ஆல்டா வாய் திறக்காத இருபத்திரண்டு மாதம்

ஆல்டா ரூஸ்டாட் யார் மேலும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்திக் கேட்டதும் இல்லை. அப்படிப்பட்டவள்தான் ராய்ஸ் டாக்கெட்டின் புது வீட்டை ரம்பம் வைத்து இரண்டாக அறுக்க வைத்தாள். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மெரிடன் கவுண்டி அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் கேட்ட புத்தகங்களை எடுத்துக் கொடுத்தது நான். அவளோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான்.

மொன்டானா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் கவுண்டி; ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுஷர்களைவிட மாடுகள் பல மடங்கு அதிகம். ஊர் என்று சொல்ல வெஸ்டா ஒன்றுதான். ரூஸ்டாட் குடும்பத்தின் மாட்டுப் பண்ணை அங்கிருந்து வடக்கே, வில்லோ ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கரை மண்பாதையில் வந்தால் ஊர் பதினான்கு மைல். அந்தப் பாதையை விட்டால் பழைய ரயில் பாலத்தைச் சுற்றி நாற்பத்தொரு மைல். மழை பெய்துவிட்டால் எங்கள் களிமண் டயரைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மைல் எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

அந்தப் பாதையின் நடுவில் இருந்த இரண்டு பண்ணைகளை ராய்ஸ் டாக்கெட் 1986இல் வாங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல பல்வரிசை, யாரைப் பார்த்தாலும் தோளில் தட்டுவான். கவுண்டியை நிர்வாகம் பண்ணும் மூன்று ஆணையர்களில் அவன்தான் தலைவன். மற்ற இரண்டு பேரும் அவன் தலையாட்டும் திசையில் தலையாட்டுகிறவர்கள். வாங்கின அந்த வருஷமே ஓடையை ஒட்டிய குறுகலான இடத்தில், இரண்டு பக்கமும் செங்குத்தாக மண் சரிந்திருக்கும் இடம் பார்த்து, கனத்த இரும்புக் குழாயில் ஒரு கேட் போட்டான். சங்கிலி, கை அகலப் பூட்டு. மான் வேட்டைக்கு வருகிறவர்கள் வேலியைத் திறந்துபோட்டுப் போய்விடுகிறார்கள், மாடெல்லாம் வெளியே போகிறது என்று காரணம் சொன்னான். தன் சிநேகிதர்கள் நாலைந்து பேருக்குச் சாவி கொடுத்தான்.

ஆல்டாவின் புருஷன் லேலண்டுக்குக் கொடுக்கவில்லை. லேலண்ட் ஆணையர் கூட்டத்துக்கே வந்து, "எங்கப்பா காலத்துலேருந்து எல்லாரும் போன வழி. நீ எந்த உரிமையில பூட்டற?" என்று கேட்டுவிட்டான். நாலு பேர் எதிரில் கேட்டதுதான் தப்பாகிவிட்டது.

"மரியாதையா வந்து கேட்டா குடுத்திருப்பேன் லேலண்ட்," என்றான் ராய்ஸ். "இப்ப சுத்திப் போ. ஊர் சுத்திப் பாத்த மாதிரியும் இருக்கும்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

1988 ஆகஸ்டில் ஒரு முற்பகல். கன்றுகளைத் தேடிக் குதிரையில் போன லேலண்ட், வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டிலேயே விழுந்தான். குதிரையின் கால் வளைக்குள் மாட்டி, அது அப்படியே புரண்டு அவன் வயிற்றின் மேல் விழுந்தது. சேணத்தின் முன்கொம்பு உள்ளே அழுத்தியிருக்கிறது. வெளியே ரத்தம் இல்லை. ஆனால் வயிறு கல் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. ஆல்டா ஓடிப் போய் போன் பண்ணிவிட்டு, ஒரு போர்வையோடு திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த மேட்டிலிருந்து தெற்கே பார்த்தால் மறைக்க ஒன்றுமில்லை. ஏழு மைலுக்கு அப்பால் வரும் வண்டியின் புழுதி தெரியும். அரை மணி நேரத்தில் அவளுக்கு ஆம்புலன்ஸின் புழுதி தெரிந்தது.

"வந்துட்டாங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

புழுதி வந்தது. வேகமாக வந்தது. கேட் இருக்கும் இடத்தில் நின்றது. அவள் எழுந்து நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் புழுதி திரும்பி, வந்த வழியே போக ஆரம்பித்தது.

"எங்க வந்துட்டாங்க?" என்று லேலண்ட் கேட்டான்.

"ஓடையத் தாண்டிட்டாங்க," என்றாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவனிடம் அவள் சொன்ன பொய் இது ஒன்றுதான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு வந்தவன் இரும்புக்கடை வேட் ஓலின். எங்கள் ஊரில் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது; கடையைப் பூட்டிவிட்டு ஓடுகிறவர்கள்தான். அவன் பூட்டைச் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கிறான். வண்டியை வைத்துக் கேட்டை முட்டிப் பார்த்திருக்கிறான். முன்விளக்கு உடைந்ததுதான் மிச்சம். ரயில் பாலத்தைச் சுற்றி அவர்கள் வந்து சேர்ந்தபோது லேலண்ட் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராய்ஸ் வந்தான், கூடவே அவன் மனைவி நாடீன். அவள் கையில் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் சேர்த்து வேகவைத்த பெரிய கண்ணாடிப் பாத்திரம். நாடீன் ஒன்றும் பேசாமல் ஆல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ்தான் பேசினான்.

"ஏம்மா ஆல்டா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? சாவிய எடுத்துக்கிட்டு நானே ஓடி வந்திருப்பேனே."

சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஆல்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பண்ணியிருக்கலாம்," என்றாள்.

மறுநாள் வேட் ஓலின் அந்தப் பக்கம் போனபோது, நாடீனின் கண்ணாடிப் பாத்திரம் கேட்டுக்கு முன்னால் தரையில் இருந்ததாம். மூடியைத் திறந்து வைத்திருந்தது. காக்கைகள் அதில் பாதியைத் தின்று முடித்திருந்தன.

அடுத்த மாதம் அவள் ஆணையர் கூட்டத்துக்கு வந்தாள். கறுப்புச் சட்டை, புருஷனின் தொப்பி. "அது கவுண்டி ரோடு. அந்தக் கேட்டை எடுங்க," என்றாள்.

"அது என்னோட சொந்த வழி," என்றான் ராய்ஸ். "உன் துக்கம் எனக்குப் புரியுது. ஆனா கவுண்டி ரோடுன்னா அதுக்கு ஒரு பேப்பர் இருக்கணும் இல்லையா? மனு குடுத்திருக்கணும், தீர்மானம் போட்டிருக்கணும். எங்க, காட்டு பாப்போம். காட்டினா நானே வந்து கேட்ட அறுத்துத் தரேன்."

பேப்பர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ரோடுகளின் அட்டவணைப் புத்தகம் 1931இல் அலுவலகம் தீப்பிடித்தபோது எரிந்துபோனது. எரியாமல் கிடைத்தவை ஆணையர்களின் கூட்டக் குறிப்புகள் மட்டும். கையெழுத்தில், எண்பதுக்கு மேற்பட்ட தடித்த புத்தகங்கள். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக் காய்ச்சல், நாய் வரி, ஏழைகளுக்கு நிலக்கரி, இவற்றுக்கு நடுவில் எங்கேயாவது ஒரு ரோடு இருக்கும்.

"காட்டறேன்," என்று சொல்லிவிட்டு ஆல்டா போனாள்.

அடுத்த வசந்தத்தில் அவள் மாடுகளில் பாதியை விற்றுவிட்டு, கவுண்டியின் ரோடு பிரிவில் கிரேடர் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மண் ரோட்டைச் சீவிச் சமன் செய்யும் அந்தப் பெரிய மஞ்சள் வண்டி தெரியும்தானே, அதுதான். அதற்கு முன் அந்த வேலையில் பெண்கள் யாரும் இருந்ததில்லை. மேஸ்திரி ஹார்வி பெக் முதல் நாள் அவளைப் பார்த்து, "இது தையல் மெஷின் இல்ல ஆல்டா," என்றான்.

"நல்லவேளை. எனக்குத் தையல் வராது," என்றாள்.

ஒரு வருஷத்தில் அவள் சீவிய ரோட்டில் காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஹார்வியே சொல்ல ஆரம்பித்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த காரணம் வேறு. கிரேடர் ஓட்டுகிறவர்கள் மதியச் சாப்பாட்டை அலுவலகத்தில் சாப்பிடலாம். பனி இறுகும் குளிர்காலத்தில் பனி தள்ளும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவர்களுக்கு வேலை குறைவு. அந்த நேரமெல்லாம் அவள் என் பதிவறைக்கு இறங்கி வந்தாள்.

"1889லேருந்து ஆரம்பிக்கலாமா ஐரிஸ்?" என்று என்னிடம் கேட்டாள். ஐரிஸ் என் பெயர்.

"வரிசையா எல்லாத்தையும் படிக்கப் போறியா?"

"வேற வழி இருக்கா?"

எட்டுக் குளிர்காலம் படித்தாள். ஒரு கையில் சாண்ட்விச், ஒரு கையில் பூதக்கண்ணாடி. அந்தக் காலத்து எழுத்தர் ஒருவரின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் ஆகும். வந்தவளை நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சில நாள் படித்துக்கொண்டே இருக்கும்போது அவள் தாடை இறுகும். அப்போது அவள் கண் புத்தகத்தில் இருந்தாலும் பார்வை அங்கே இருக்காது. நின்று திரும்பிப் போகும் அந்தப் புழுதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

காப்பிக் கடையில் அவளைக் கேலி பேசுவார்கள். "புத்தகப் புழு வந்தாச்சு, நகருங்கடா" என்பார்கள். ராய்ஸ் அங்கே இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போவான். "என்ன ஆல்டா, பேப்பர் கிடைச்சுதா? வயசாகுதே, கண்ணு போயிடப் போகுது," என்று எல்லோரும் கேட்கச் சொல்வான். அவள் காப்பியை வாங்கிக்கொண்டு, "இன்னும் இல்ல ராய்ஸ்," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவ்வளவு பணிவாகச் சொல்வாள்.

1997 மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. நான் ஒரு பத்திரத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அவள் மேஜையிலிருந்து சத்தமே இல்லை. சாண்ட்விச்சைக் கடித்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விரல் ஒரு வரியில் இருந்தது.

நான் போய்க் குனிந்து பார்த்தேன். 1913 ஜூலை மாதக் கூட்டம். வில்லோ ஓடைக் கரையோரம், அறுபது அடி அகலத்தில் பொது ரோடு வேண்டும் என்று நிலம் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் கொடுத்த மனு. பள்ளிக்கூடம், தபால், வைத்தியர், இந்த மூன்றுக்கும் வழி வேண்டும் என்று காரணம் எழுதியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தவர்களின் அறிக்கை. அளவு. ஆணையர்களின் உத்தரவு. மூன்று கையெழுத்து. மனுவில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் நாலாவது ஆள் ஆம்ப்ரோஸ் டாக்கெட், ராய்ஸின் தாத்தா.

நான் குதிக்காத குறைதான். "இப்பவே மேல போய்க் காட்டலாம் வா," என்றேன்.

"உக்காரு ஐரிஸ்."

"என்ன உக்காரு?"

"இன்னைக்குக் காட்டினா வியாழக்கிழமை கூட்டம் போட்டு, ரோட்டையே ரத்து பண்ணிடுவான். தலைவன் அவன். மத்த ரெண்டும் அவனோட ரெண்டு கை. ரத்து பண்ண அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. அவன் பதவி எப்ப முடியுது?"

"அடுத்த வருஷக் கடைசில. திரும்ப நிக்கப் போறதில்லன்னு சொல்லிட்டிருக்கான்."

"அப்ப அதுவரைக்கும் இந்தப் புத்தகத்த யாரும் பாக்க வேணாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்தை நாலு நகல் எடுத்து முத்திரை குத்தினேன். ஒன்றைப் பக்கத்துக் கவுண்டி வங்கியின் பெட்டகத்தில் வைத்தாள். புத்தகத்தை நான் இரும்பு அலமாரியின் அடித்தட்டில், நாய் வரிப் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

இதுவரைக்கும் நடந்ததற்கு யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. இனிமேல் சொல்லப்போவதைத்தான் ஊர் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறது.

அந்த ஜூனில் ராய்ஸ் புது வீடு கட்ட முளைக்குச்சி அடித்தான். பதவி முடிந்ததும் நிம்மதியாக உட்கார ஒரு வீடு வேண்டுமாம். இடம் பார்த்தது எங்கே தெரியுமா? கேட்டுக்கு வடக்கே கால் மைலில், ஓடை வளையும் இடத்தில், அந்த வட்டாரத்திலேயே மேடு பள்ளம் இல்லாத ஒரே தரை. அது சமமாக இருந்ததற்குக் காரணம், எழுபது வருஷம் வண்டிகள் போய்ப் போய் மிதித்த தரை அது. 1913 அளவை வைத்துப் பார்த்தால் வீட்டின் முன்பாதி முழுக்க ரோட்டில் வந்து விழும்.

ஆல்டா அன்று மாலை பதிவறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "பாத்தியா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை லேலண்ட் போன பிறகு நான் பார்த்ததில்லை.

"ஆல்டா, இப்ப ஒரு வார்த்தை சொன்னா நூறு அடி தள்ளிக் கட்டிக்குவான்."

"ஆமா."

"சொல்லப் போறியா?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதான்னு கேட்டான்ல?" என்றாள். "அவனும் இங்க ஒரு போன் பண்ணிக் கேக்கட்டும். ரோடு எங்க போகுதுன்னு. தலைவன்தானே, கேட்டா நீ எடுத்துக் காட்ட மாட்டியா?"

"காட்டித்தான் ஆகணும்."

"அவ்வளவுதான். கேக்கட்டும்."

அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை அவன் என் அறையைக் கடந்து போகும்போதும் நான் அந்த இரும்பு அலமாரியைப் பார்க்காமல் மேஜையில் குனிந்துகொள்வேன். கதவைத் தட்டிவிட்டுப் போவான், "என்ன ஐரிஸ், எலியெல்லாம் சௌக்கியமா?" என்று சிரித்துவிட்டு.

அஸ்திவாரம் தோண்டினார்கள். சுவர் எழும்பியது. அவள் தினமும் கிரேடரில் போகும் வழியில், ஓடைக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டே பார்ப்பாள். கூரை ஏறிய நாளில் வேலைக்காரர்களுக்குக் கை காட்டினாளாம். அவர்களும் காட்டினார்களாம்.

ஒருநாள் நாடீன் அவளைக் கடையில் பார்த்துப் பேசினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். நாடீன் சின்ன உருவம், எப்போதும் யாரோ கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி பாதி திரும்பியே நிற்பாள்.

"சமையலறைக்கு ஜன்னல் எங்க வேணும்னு என்னைக் கேட்டாங்க ஆல்டா. முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா என்னைக் கேட்டாங்க. ஓடையப் பாத்து வைக்கச் சொல்லிட்டேன். நல்லதுதானே?"

ஆல்டா ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடியில் அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"நல்லா வெளிச்சம் வரும்," என்றாள்.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன். "அவ என்ன பண்ணினா?"

"அவ வீட்டுலதான் அந்தச் சாவி இருந்துது," என்று சொல்லிவிட்டு என் கையை உதறினாள்.

1998 செப்டம்பரில் அவர்கள் குடிபோனார்கள். ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தான். வாசலில் அகலமான தாழ்வாரம், அதில் இரண்டு ஆடும் நாற்காலி. ஜனவரியில் அவன் பதவி முடிந்தது. புது ஆணையர்களில் ஒருத்தர் வேட் ஓலின்.

அந்த வருஷத்தின் முதல் கூட்டத்துக்கு ஆல்டா புருஷனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முன்னாள் தலைவன் என்கிற மரியாதைக்கு ராய்ஸும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போய் மேஜையில் வைத்துத் திறந்தேன். ஆல்டா உத்தரவை முழுசாக வாசித்தாள். பத்துப் பெயர்களையும் வாசித்தாள். நாலாவது பெயர் வந்தபோது நிறுத்தி, அவனைப் பார்த்து, மறுபடி வாசித்தாள்.

ராய்ஸ் எழுந்து வந்து பக்கத்தைப் பார்த்தான். அந்தப் பெரிய கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு அளவு இருந்த வரிக்கு அவன் கண் போனது. அங்கேயே நின்றது. முகம் வெளுத்துப் போவதைப் பார்த்தேன்.

"இது எப்ப கிடைச்சுது?" என்றான்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். மார்ச்சு மாசம்."

"நான் கட்டறதுக்கு முன்னாடியா?"

"நீ குச்சி அடிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி."

"சொல்லியிருக்கலாமே ஆல்டா." கிட்டத்தட்டக் கெஞ்சினான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் ஆல்டா.

தேவாலயக் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் அந்த அறையில் இருந்தார்கள்.

அவன் வழக்குப் போட்டான். ஒன்றரை வருஷம் இழுத்தான். நீதிபதி நேரில் வந்து, நில அளவைக்காரரை வைத்து அளந்து பார்த்தார். 1913இல் போட்ட ரோடு ரத்தாகவே இல்லை, யாரும் உபயோகிக்காமல் விட்டதால் அது செத்துப்போகாது என்று தீர்ப்பு. அறுபது அடிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தொண்ணூறு நாளில் எடுக்க வேண்டும். கேட்டையும் சேர்த்து.

முழு வீட்டையும் ஒரே துண்டாக நகர்த்த முடியாது, ஓடைப் பக்கம் தரை தாங்காது என்று வீடு நகர்த்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். 2000 அக்டோபரில் நடுவில் அறுத்தார்கள். பின்பாதியை உருளைகளில் ஏற்றி மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். முன்பாதியைப் பிரித்துப் போட்டார்கள். தாழ்வாரம், வரவேற்பறை, சமையலறை எல்லாம் அதில்தான் இருந்தன. பார்க்க ஊரே வந்து ஓடைக்கரையில் வண்டிகளை நிறுத்தியிருந்தது. சில பேர் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார்கள். நானும் போனேன். ரம்பச் சத்தம் நின்றபோது, சுவரில்லாமல் திறந்து கிடந்த அறையில் நாடீனின் பூப்போட்ட சுவர்க்காகிதம் வெயிலில் தெரிந்தது. நான் அங்கே இருந்திருக்க வேண்டாம்.

இடம் காலியான மறுநாள் காலை ஹார்வி பெக் கேட்டான், "யாரு போறீங்க அந்த ரோட்டுக்கு?" ஆல்டாவைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. அவள் பிளேடை இறக்கி, ராய்ஸின் பூப்பாத்திகள் இருந்த இடத்தை ஒரே வீச்சில் சீவித் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். சாதாரணமாக ஒரு ரோட்டுக்கு மூன்று தடவை போதும். அன்று சாயங்காலம் வரை போய்வந்தாளாம்.

அதோடு நிற்கவில்லை. மறு வருஷம் அவசர உதவி எண்ணுக்காகக் கவுண்டியின் எல்லா மண்ரோட்டுக்கும் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேட் ஓலின் அவளைக் கூப்பிட்டு, "லேலண்ட் பேர வச்சிடலாம் ஆல்டா. எல்லாருக்கும் சம்மதம்," என்றான்.

"அவன் பேர எதுக்கு அந்த ஆள் வீட்டு வாசல்ல எழுதணும்?" என்றாள். "பூட்டுக் கதவு ரோடுன்னு வைங்க."

வைத்தார்கள். மேட்டில் ஒட்டுப்போட்ட பாதி வீட்டில் குடியிருந்த ராய்ஸ் டாக்கெட்டின் விலாசம் அன்றிலிருந்து: எண் 212, பூட்டுக் கதவு ரோடு. மாட்டுத் தீவனம் வரவழைத்தாலும், மருந்து வரவழைத்தாலும், கடையில் இருக்கும் பெண் "விலாசம் சொல்லுங்க" என்று கேட்பாள். அவன் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வருஷம் ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் காது கேட்காத மாதிரி இரண்டு தடவை சொல்ல வைத்தார்கள். தோளில் தட்டுவதை அவன் விட்டுவிட்டான். காப்பிக் கடைக்கு வருவதையும்.

ஆல்டா சந்தோஷமாக இருந்தாளா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இருந்தாள். பொய் சொல்ல மாட்டேன். அந்த ரோட்டைச் சீவப் போகும் நாளில் விசில் அடித்துக்கொண்டே வண்டியில் ஏறுவாள். நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு தேறினாள். பழி தீர்த்தவர்கள் உள்ளுக்குள் வெந்துபோவார்கள் என்று பாதிரியார் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னபோது, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குனிந்து, "எனக்கு ஒண்ணும் வேகலையே," என்று காதில் சொன்னாள்.

நாடீன் விஷயத்தில் மட்டும் அவளுக்கு அப்படி இருக்கவில்லை. 2002 வசந்தத்தில் நாடீன் இரண்டு பெட்டியோடு பஸ் ஏறி, ஸ்போகேனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. போவதற்கு முந்தின நாள் ரோடு பிரிவின் கொட்டகைக்கு வந்து ஆல்டாவைப் பார்த்தாள். நான் சம்பள உறைகளைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"ஜன்னலப் பத்தி நான் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சாவி என்கிட்ட இருந்ததே இல்ல ஆல்டா. அவர் பாக்கெட்டுல இருக்கும். கேட்டத் திறக்க நானும் அவர்கிட்டதான் கேக்கணும். அம்மாவப் பாக்கப் போகணும்னாலும்."

ஆல்டா கையுறையைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியாது," என்றாள்.

"நீ கேக்கவே இல்லையே," என்றாள் நாடீன். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த வண்டியில் ஏறிப் போனாள்.

அந்த வாரம் ஆல்டா ஒரு கடிதம் எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. என்னிடம் விலாசம் மட்டும் கேட்டாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது, ஒரு அஞ்சலட்டை. அதை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். நாடீனின் எழுத்து சின்னச் சின்னதாக இருந்தது: உன் இடத்தில் நான் இருந்தாலும் அவரை அப்படித்தான் பண்ணியிருப்பேன். ஆனால் உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

"நியாயம்தான்," என்றாள் ஆல்டா. "அவ சொல்றது நியாயம்தான் ஐரிஸ்."

"ராய்ஸ் விஷயத்துல?"

"அவனுக்கு இன்னொரு வீடு இருந்தாலும் அறுப்பேன்."

முந்தின நாள் நல்ல மழை. எங்கள் களிமண் காய்வதற்கு முன்னால், இறுகியும் இறுகாமலும் இருக்கும் அந்த அரை நாளில்தான் ரோட்டைச் சீவ முடியும். அவள் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெற்கே பள்ளிக்கூட ரோட்டில் பள்ளம் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள், போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.